மலையில் மைக்ரோவேவ்: புதிதாக வாங்கியவர்களுக்கு

மைக்ரோவேவ் வாங்கியவர்கள் கடைசியாகப் பயப்பட வேண்டிய விஷயத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள்: "கதிர் வெளியே வருமா?" கோத்தகிரியில் நான் பழுது பார்க்கும் மேஜைக்கு வருகிற மெஷின்களின் கதையே வேறு. ஈரம் இறங்கி போர்டு போனது, வோல்டேஜ் ஏறி இறங்கி ஃபியூஸ் போனது, எவர்சில்வர் கிண்ணம் வைத்துப் பொறி பறந்தது, கரப்பான் பூச்சி உள்ளே குடித்தனம் நடத்தியது, எலி ஒயரைக் கடித்தது. ஆளுக்குக் காயம் என்றால் அது பெரும்பாலும் கொதித்த தண்ணீராலும் பாலாலும்தான். அதனால் இங்கே கதிருக்குக் கொஞ்சம் இடம், மற்றதற்கெல்லாம் மீதி இடம்.

நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ புதிதாகக் குடிவந்தவர்களுக்கும், இங்கேயே பிறந்து முதல் முறையாக இதை வாங்குகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மெஷினோடு வரும் புத்தகம் சமவெளிச் சமையலறையை மனதில் வைத்து எழுதப்பட்டது. இங்கே தண்ணீர் கொதிக்கும் சூடு வேறு, காற்று வேறு, கரண்ட் வேறு.

உள்ளே நடப்பது என்ன

மேக்னட்ரான் என்று ஒரு குழல். அது 2450 மெகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 245 கோடி முறை அதிரும் அலையை உள்ளே அனுப்புகிறது. உணவில் இருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் அந்த அலையோடு சேர்ந்து புரண்டு புரண்டு சூடாகின்றன. தண்ணீர் உள்ள பொருள் சீக்கிரம் சூடாகும், காய்ந்த பொருள் மெதுவாகத்தான் சூடாகும், கண்ணாடியும் பீங்கானும் தாமாக அவ்வளவாகச் சூடாகா. அலை உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் நன்றாகப் போகும். அதற்கு உள்ளே இருப்பது வெளிச்சூடு மெல்ல இறங்கித்தான் வேக வேண்டும். உள்ளிருந்து வெளியே வேகிறது என்று சொல்வதெல்லாம் சும்மா.

கதிர் விஷயம் இதுதான். அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் உலோகத் தகட்டின் ஓட்டைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். வெளிச்சம் அதன் வழியே வரும், இந்த அலை வராது. கதவைத் திறந்ததும் இரண்டு மூன்று சுவிட்சுகள் சேர்ந்து மேக்னட்ரானுக்குப் போகும் கரண்டை நிறுத்திவிடும். சூடாகி வெளியே வந்த உணவில் கதிர் எதுவும் தங்குவதில்லை. கவலைப்பட வேண்டியது கதவு வளைந்திருந்தால், கீல் தளர்ந்திருந்தால், கண்ணாடி விரிசல் விட்டிருந்தால். அப்போது சரி செய்யும்வரை அதைத் தொடாதீர்கள். மெஷின் ஓடும்போது வைஃபை தடுமாறுகிறதே என்று சிலர் பதறுவார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் இயங்குவதால் வரும் சிறு இடைஞ்சல் அது, அவ்வளவுதான்.

வாங்குவதும் மலையேற்றுவதும்

சாப்பாடு சூடாக்க, பால் காய்ச்ச, காய் வேகவைக்க என்றால் சோலோ மாடல், அதாவது அலையால் மட்டும் சூடாக்குவது, போதும். மூன்று நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு 20 லிட்டர் தாராளம். கேக், பிஸ்கட் ஆசை இருந்தால் மட்டும் கன்வெக்‌ஷன், அதாவது சூடான காற்றைச் சுழலவிட்டு அவன் மாதிரியும் வேலை செய்வது. அது விலையும் அதிகம், இழுக்கும் கரண்டும் அதிகம். நாலு நாள் கேக் செய்துவிட்டு அப்புறம் பால் சூடாக்கவே பயன்படும் கன்வெக்‌ஷன் மெஷின்கள் இந்த மலையில் ஏராளம்.

கோயம்புத்தூரிலோ திண்டுக்கல்லிலோ வாங்கி வண்டியில் கொண்டுவருகிறீர்கள் என்றால் சுழலும் கண்ணாடித் தட்டை வெளியே எடுத்துத் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் உள்ளே கிடந்து உருண்டால் தட்டு தப்பாது. வீட்டுக்கு வந்ததும் ஆசையாக பிளக்கைச் செருகிவிடாதீர்கள். மூட்டமும் சாரலுமான நாளில் ஏற்றி வந்த மெஷினுக்குள், கண்ணுக்குத் தெரியாத இடங்களில் எல்லாம் நீர் பூத்திருக்கும். கதவைத் திறந்து ஓர் இரவு காய்ந்த அறையில் வைத்துவிட்டு மறுநாள் ஓட்டுங்கள்.

எங்கே வைப்பது

அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், சிங்க்குக்குப் பக்கத்திலும் வேண்டாம். ஆடி மாதத்தில் வியர்க்கிற சுவர் எது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சுவரை ஒட்டி நிச்சயம் வேண்டாம். ஃப்ரிட்ஜ் மேல் வைப்பதும் தப்பு.

சுற்றிலும் இடைவெளி விட வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். பக்கவாட்டிலும் பின்னாலும் ஒரு சாண், மேலே ஒன்றரைச் சாண் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான மாடல்களுக்குச் சரியாக இருக்கும். இங்கே அதில் கஞ்சத்தனம் கூடாது. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே சுற்றும் ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் எடுத்துச் செல்லும் சூடு குறைவு. குளிர்ப் பிரதேசம்தானே என்று அலமாரிக்குள் அடைத்து வைத்த மெஷின்கள்தான் சூடு தாங்காமல் பாதியில் நிற்கின்றன. மேலே துணி விரித்துப் பூச்சாடி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தத் துணி தொங்குவது காற்று வெளியேறும் ஓட்டைமேல்தான்.

கரண்ட்

இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மெஷின்மேல் 800 வாட்ஸ் என்று போட்டிருந்தால் அது உணவுக்குப் போகும் சக்தி. சுவரிலிருந்து இழுப்பது 1200, 1300 வாட்ஸ் இருக்கும். கன்வெக்‌ஷனில் 2000 வாட்ஸுக்கு மேலும் போகும். சிறிய 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் 230 வோல்ட்டில் தாங்கும் உச்சம் 1380 வாட்ஸ். கணக்குக்குச் சரியாக வருகிறதே என்று அதில் மாட்டக் கூடாது, மணிக்கணக்கில் உச்சத்திலேயே ஓடினால் சாக்கெட் உருகும். 16 ஆம்பியர் பெரிய பாயின்ட், அதுவும் மைக்ரோவேவுக்கு மட்டும் தனியாக இருக்க வேண்டும். கன்வெர்ட்டர் பிளக் போடுவது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெட்டிலோடு சேர்த்து மாட்டுவது இரண்டும் வேண்டாம். பழைய பங்களாக்களிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் ஒயரிங் எந்தக் காலத்தது என்று சொல்ல முடியாது. வாடகைக்கு வந்த வீடாக இருந்தால் முதலில் ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாறையும் சரளையுமான நிலத்தில் எர்த் குழி பெயருக்குத்தான் இருக்கும். மெஷின் உடம்பைத் தொட்டால் லேசாக 'சுர்' என்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம்; அன்றே சரி செய்யுங்கள்.

டிசம்பர், ஜனவரி மாலையில் எல்லா வீட்டிலும் ஹீட்டரும் கீஸரும் ஓடும். வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினால் மேக்னட்ரானின் சக்தி அதைவிட வேகமாக இறங்கும். மெஷின் ஓடுகிற மாதிரியே ஓடும், தட்டும் சுற்றும், ஆனால் நேற்று இரண்டு நிமிடத்தில் சூடான குழம்பு இன்று ஆறிப்போனதாகவே வெளியே வரும். மெஷின் கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் கெட்டிருக்காது.

இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்துத் தெர்மாமீட்டரால் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். முழுச் சக்தியில் சரியாக ஒரு நிமிடம் ஓட்டி, கலக்கி, மறுபடி பாருங்கள். எத்தனை டிகிரி கூடியதோ அதை 70-ஆல் பெருக்கினால் உணவுக்குப் போகும் வாட்ஸ் ஏறக்குறைய கிடைத்துவிடும். பத்து டிகிரி கூடினால் 700 வாட்ஸ். காலை பதினொரு மணிக்கு ஒரு முறை, மாலை ஏழு மணிக்கு ஒரு முறை செய்து பார்த்தால் உங்கள் தெருவின் கரண்ட் நிலவரம் தெரிந்துவிடும்.

வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஸ்டெபிலைசர் போடுங்கள். டிவிக்கு வைத்த சின்னப் பெட்டி உதவாது. சோலோவுக்குக் குறைந்தது 2 கேவிஏ, கன்வெக்‌ஷனுக்கு 3 கேவிஏ அல்லது அதற்கு மேல். வீட்டு இன்வெர்ட்டரில் மைக்ரோவேவை ஓட்டப் பார்க்காதீர்கள். இடி இடிக்கும்போதும், காற்றில் மரம் விழுந்து கரண்ட் விட்டு விட்டு வரும்போதும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவுங்கள். கரண்ட் திரும்பி வந்தால் ஐந்து பத்து நிமிடம் நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் மாட்டுங்கள்.

முதல் ஓட்டம்

உள்ளே இருக்கும் அட்டை, தெர்மோகோல், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் எடுங்கள். உள்சுவரில் ஒரு பக்கம் பழுப்பு நிறத்தில் அட்டை மாதிரி ஒரு தகடு ஒட்டியிருக்கும், அதைப் பேக்கிங் என்று நினைத்து உரித்துவிடாதீர்கள். அது மைக்கா ஷீட். அலை உள்ளே வரும் வாயிலை மூடி, எண்ணெயும் ஆவியும் மேக்னட்ரான் பக்கம் போகாமல் காப்பது அதன் வேலை.

உருளும் வளையத்தை வைத்து, அதன்மேல் தட்டை அச்சில் பொருந்துகிற மாதிரி வையுங்கள். ஒரு கப் தண்ணீர் வைத்து இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். வெறும் மெஷினை ஒருபோதும் ஓட்டக் கூடாது. உறிஞ்ச ஆளில்லாத அலை திரும்பி மேக்னட்ரானையே தாக்கும். பாதியில் நிறுத்த வேண்டுமானால் ஸ்டாப் பட்டனை அழுத்திவிட்டுக் கதவைத் திறக்கும் பழக்கம் நல்லது. ஓட்டத்திலேயே வெடுக்கென்று திறந்து திறந்து கதவு சுவிட்சுகள் கருகுவதும், அதனால் ஃபியூஸ் போவதும் வாடிக்கை.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் சைல்டு லாக் எப்படிப் போடுவது என்று கற்றுக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியாகக் குரங்கு வரும் வீட்டுக்கும் அது பயன்படும். குன்னூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பாத்திரம்

எவர்சில்வர், அலுமினியம், பித்தளை, இரும்பு எதுவும் கூடாது. கரண்டியை உள்ளேயே விட்டுவிட்டுச் சூடாக்குவதும் கூடாது. ஓரம், முனை, மடிப்பு உள்ள உலோகத்தில்தான் பொறி அதிகம் பறக்கும். ஹோட்டல் பார்சலின் சில்வர் ஃபாயில் அதனால்தான் மிக மோசம். பொட்டலத்தில் ஸ்டேப்ளர் பின் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பங்களா ஏலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய பீங்கான் டீ செட்டில் தங்கக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோடும் உலோகம்தான், முதல் முறையிலேயே கருகிவிடும்.

மெலமைன் தட்டு உடையாது என்பதால் எல்லா வீட்டிலும் இருக்கிறது, ஆனால் மைக்ரோவேவுக்கு அது ஆகாது. தயிர் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, சாம்பார் கட்டி வரும் கவர் இவையும் ஆகா. பிளாஸ்டிக் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண்ணும், மைக்ரோவேவுக்கு ஏற்றது என்ற குறியும் இரண்டும் இருக்க வேண்டும். அப்போதும் எண்ணெய் மிதக்கும் குழம்பை அதில் வைக்காதீர்கள், எண்ணெயின் சூடு தண்ணீரின் சூட்டைத் தாண்டிப் போகும். போரோசில் மாதிரி கண்ணாடிப் பாத்திரம் இரண்டு வாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மெருகிடாத மண்சட்டி ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். அந்த ஈரம் கொதித்துச் சட்டி விரிசல் விடும். வாழையிலையை ஒரு நிமிடம் வைக்கலாம், தவறில்லை. செய்தித்தாள் வேண்டாம், தீப்பிடிக்கும்.

சந்தேகமான பாத்திரம் என்றால் (உலோகம் கலக்காதது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்) அதைக் காலியாக வைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகிப் பாத்திரம் குளிர்ந்திருந்தால் ஆகும். பாத்திரம் சுட்டால் ஆகாது.

சூடாக்கும் முறையும் மலை உயரமும்

சோற்றின்மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடியைத் தளர்வாக வையுங்கள். இட்லிக்கு ஈரத்துணி. குழம்பைக் கிண்ணத்தின் நடுவில் குவிக்காமல் பரப்பி வைத்து, பாதி நேரத்தில் எடுத்துக் கலக்கி, மீண்டும் வைத்து, முடிந்ததும் இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். ஓரம் கொதித்து நடு சில்லென்றிருப்பது இந்த மெஷினின் பிறவிக் குணம். கறியும் கோழியும் நடுவிலும் 75 டிகிரி தொட வேண்டும். ஆவி பறக்கிறதா என்று நடுவில் பாருங்கள். வர்க்கியை மட்டும் உள்ளே வைக்காதீர்கள், அடுக்கடுக்கான மொறுமொறுப்பு போய் ரப்பராகிவிடும். அதற்குத் தோசைக்கல்தான் சரி.

50 சதவீதம், 30 சதவீதம் என்று சக்தியைக் குறைக்கும் பட்டனைப் பலர் தொடுவதே இல்லை. சாதாரண மாடல்களில் 50 சதவீதம் என்றால் மேக்னட்ரான் பாதி நேரம் ஓடும், பாதி நேரம் ஓய்வெடுக்கும். 'ம்ம்ம்' என்ற சத்தம் வந்து வந்து போவது அதனால்தான். உறைந்த கறியை இளக்க, சாக்லேட் உருக்க இது அவசியம். வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கிறவர்கள் 50 சதவீதத்தில் அரை நிமிடம் ஓட்டுவது, எடுத்துக் கலக்குவது, மறுபடி அரை நிமிடம் என்று போகிறார்கள். உருவம் கலையாமல் இருக்கும்போதே உள்ளே கருகிவிடும் பொருள் அது. கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் திரிந்துபோகும். இந்த மெஷின் பிறந்த கதையிலும் சாக்லேட் உண்டு. 1945-ல் அமெரிக்காவில் ரேடார் வேலையில் இருந்த பெர்சி ஸ்பென்சர், மேக்னட்ரான் பக்கத்தில் நின்றபோது சட்டைப் பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்ததுதான் தொடக்கம் என்பார்கள்.

இப்போது உயரத்துக்கு வருவோம். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சுமார் 1850 மீட்டரில் இருக்கும் குன்னூரில் 94 டிகிரி, 2100 மீட்டரைத் தொடும் கொடைக்கானலில் 93, சுமார் 2240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 92 சொச்சம். கொதிப்பது சீக்கிரம், வேகுவது தாமதம். அதனால் காய்கறிக்குப் புத்தகம் சொல்வதைவிட ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள், தண்ணீரும் ஒரு கை அதிகம் விடுங்கள், ஆவியாவது அதிகம். கேரட், உருளைக்கிழங்குக்கு இந்தக் கணக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. முழு உருளைக்கிழங்கை வைத்தால் தோலில் முள்கரண்டியால் நாலா பக்கமும் குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். பருப்பு, அவரைக்கொட்டை, சிவப்பு பீன்ஸ் எல்லாம் குக்கருக்குத்தான். சிவப்பு பீன்ஸ் அரைவேக்காடாக இருந்தால் வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும்.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வந்து சேரும்போது உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் உள்ளே இருப்பது விரிகிறது. மூடி இறுக்கிய டப்பாவும் சீல் வைத்த பொட்டலமும் மைக்ரோவேவுக்குள் இங்கே இன்னும் சீக்கிரம் வெடிக்கும். மூடியைத் தளர்த்துங்கள், உறையைக் கத்தரித்துவிடுங்கள். பால் பொங்குவதும் இங்கே சீக்கிரம், கிண்ணத்தில் பாதி அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். முட்டையை ஓட்டோடு வைக்காதீர்கள். அவித்த முட்டையைச் சூடாக்குவதும் ஆபத்து, கையில் எடுத்த பிறகு, சில சமயம் வாயில் வைத்த பிறகு வெடிக்கும்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது வெறும் தண்ணீருக்குத்தான். வழவழப்பான கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் குமிழியே விடாமல் அசையாமல் இருக்கும். எடுத்து டீ பையைப் போட்டதும், காபித் தூள் கொட்டியதும் மொத்தமும் சீறி எழுந்து முகத்திலும் கையிலும் கொட்டும். குளிருக்கு அடிக்கடி வெந்நீர் குடிக்கிற ஊர் இது என்பதால் சொல்கிறேன்: உள்ளே வைக்கும்போதே ஒரு மரக்குச்சியோ மரக்கரண்டியோ தண்ணீரில் போட்டுவிடுங்கள், அளவுக்கு மேல் நேரம் வைக்காதீர்கள், நின்றதும் ஒரு நிமிடம் பொறுத்து எடுங்கள், ஒரு முறை கொதித்து ஆறிய தண்ணீரை மறுபடி வைக்காதீர்கள். கைக்குழந்தைக்குப் பால் சூடாக்க இந்த மெஷினே வேண்டாம். புட்டி கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும், நடுவில் வாய் வெந்துபோகும் சூடு ஒளிந்திருக்கும். வெந்நீர்க் கிண்ணத்தில் புட்டியை நிறுத்தினால் போதும்.

"இந்தக் குளிருக்கு எதுக்கு ஃப்ரிட்ஜ்?"

மலையில் அடிக்கடி கேட்கும் வசனம். இரவு மிஞ்சிய சோற்றை மேடையிலேயே மூடி வைத்துவிட்டு, காலையில் மைக்ரோவேவில் சுடச்சுட ஆக்கிக் குழந்தைகளுக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். நமக்குக் குளிர்கிறது என்பதால் கிருமிக்கும் குளிர்கிறது என்று அர்த்தமில்லை. அடுப்பு எரிந்த சமையலறை ஊட்டியிலும் 15, 20 டிகிரி இருக்கும். ஃப்ரிட்ஜுக்குள் 4, 5 டிகிரி. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் பல கிருமிகள் பெருகும். சோற்றில் வளரும் ஒரு வகை பாக்டீரியா விட்டுச்செல்லும் நச்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. மைக்ரோவேவ் சூடாக்கும், கெட்டதை நல்லதாக்காது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாள் ஒரே ஒரு முறை சூடாக்குங்கள்.

இங்கே மட்டும் நடக்கும் சில விபரீதங்கள்

காலையில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிக் கிடக்கும். பாட்டிலோடு மைக்ரோவேவில் வைத்துவிடுகிறார்கள். கட்டி எண்ணெய் இந்த அலையை அவ்வளவாக உறிஞ்சாது, ஒரு நிமிடம் போதவில்லை என்று மூன்று நிமிடம் வைப்பார்கள், பாட்டில் குழைந்து தட்டில் ஒட்டியிருக்கும். வெந்நீர்ச் சொம்பில் பாட்டிலை நிறுத்துவது இதைவிடச் சீக்கிரம். உறைந்து கட்டியான மலைத்தேனுக்கும் அதே வைத்தியம்தான்.

நாலு நாள் வெயிலே காணாத மழையில் சாக்ஸ், பள்ளிக்கூட ஸ்வெட்டர், குழந்தையின் துணி இவற்றை மைக்ரோவேவில் காயவைக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கூடவே கூடாது. ஈரம் ஓர் இடத்தில் தங்கி இன்னோர் இடம் காய்ந்ததும் அங்கே கருகித் தீப்பிடிக்கும். ஜிப்பும் கொக்கியும் இருந்தால் பொறி வேறு. ஆவி பிடிக்க நினைத்து யூகலிப்டஸ் தைலம் விட்ட தண்ணீரைச் சூடாக்குவதும் இந்த ரகம்தான். தைலம் எளிதில் தீப்பற்றும் பொருள். தண்ணீரை மட்டும் சூடாக்கி, வெளியே எடுத்து, அப்புறம் தைலம் விடுங்கள். காய்ந்த மிளகாயை வறுக்கப் பார்த்தால் வீடே இருமும்.

உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். ஸ்டாப், சுவிட்ச், பிளக், இந்த வரிசை. காற்று இல்லாமல் தானே அணையும். தண்ணீர் ஊற்றவே கூடாது.

சுத்தமும் மழைக்காலமும்

தெறித்ததை அன்றன்றே துடைத்தால் பெரிய வேலை இல்லை. காய்ந்து ஒட்டிக்கொண்டதற்கு, ஒரு கிண்ணம் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து, குச்சி ஒன்று போட்டு மூன்று நான்கு நிமிடம் ஓட்டி, கதவைத் திறக்காமல் ஐந்து நிமிடம் விடுங்கள். ஆவியில் ஊறியது துணியோடு வந்துவிடும். கம்பி நார் வேண்டாம். எனாமல் கீறிய இடத்தில் துரு பிடிக்கும், துரு பிடித்த இடத்தில் பொறி பறக்கும். சுடு தட்டைக் குழாயடியில் காட்டாதீர்கள்; ஜனவரி மாதக் குழாய்த் தண்ணீர் அதை இரண்டாக்கிவிடும். கதவின் ஓரத்தையும் அது போய் உட்காரும் விளிம்பையும் துடைப்பதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அங்கே சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் கதவு சரியாக மூடாது.

மைக்கா ஷீட்டில் எண்ணெய் தெறித்து அப்படியே விட்டால், அந்த இடம் முதலில் பழுப்பாகும், பின் நடுவில் ஒரு கரும்புள்ளி விழும், புள்ளி பொசுங்கி ஓட்டையாகும், ஓட்டையின் ஓரத்தில் நீலப் பொறி தெறிக்கும். அந்த நிலையில் ஓட்டிக்கொண்டே இருந்தால் மேக்னட்ரானுக்குச் செலவு. கரும்புள்ளி விழுந்ததுமே நிறுத்தினால் புது ஷீட்டை அளவுக்கு வெட்டிப் போடும் செலவோடு போய்விடும்.

மழைக்காலம் கூடலூர், தேவாலா பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும். கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரிய மழை. எந்த மழையானாலும் ஈரம்தான் எதிரி. ஒவ்வொரு முறையும் பயன்படுத்திய பின் உள்ளே துடைத்து, கால் மணி நேரம் கதவைத் திறந்து விடுங்கள். தினமும் கொஞ்ச நேரம் ஓடும் மெஷினுக்குள் ஈரம் தங்குவதில்லை. மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில்தான் போர்டில் பச்சை பூக்கிறது. பூட்டிவிட்டுக் கீழே போகிறவர்கள் பிளக்கை உருவி, உள்ளே நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஒரு கப் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள், ஈரம் இன்னும் கூடும். காலியாக, கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் பின்பக்க ஓட்டைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். கதகதப்பு தேடி எலியும் கரப்பானும் வந்திருக்கலாம். வெயில் வரும் ஜன்னலோரம் ஒரு நாள் வைத்துவிட்டு, பிறகு தண்ணீர் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

பழுதானால்

கதவு திறந்திருக்கும்போதே ஓடுகிறது, உடம்பைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, கருகல் வாடை வருகிறது, தண்ணீர் மட்டும் வைத்தாலும் பொறி பறக்கிறது: இதில் ஏதாவது ஒன்று என்றால் பிளக்கை உருவி ஓரமாக வைத்துவிடுங்கள். தட்டு சுற்றவில்லை என்றால் பதற வேண்டாம். முதலில் வளையத்தின் சக்கரங்களில் சோறு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் பேருக்கு அதோடு முடிந்துவிடும்.

மிக்ஸியை, அயர்ன் பாக்ஸைக் கழற்றிப் பார்த்த கை இதையும் கழற்றிப் பார்க்க நினைக்கும். வேண்டாம். உள்ளே கரண்டைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் என்ற பாகத்தில் 2000 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும். பிளக்கை உருவிய பிறகும் அது இறங்காமல் நிற்கலாம், ஆளைக் கொல்லவும் போதுமானது. மைக்ரோவேவ் வேலை தெரிந்தவரா என்று கேட்டே கொடுங்கள். டிவி பார்ப்பவர், மோட்டார் பார்ப்பவர் எல்லாரும் இதைப் பார்ப்பவர் ஆகிவிட மாட்டார்கள். சரி செய்து வந்ததும் ஒரு லிட்டர் தண்ணீர் சோதனையை அவர் முன்னாலேயே செய்து பாருங்கள், கதவு இறுக்கமாக மூடுகிறதா என்றும் பாருங்கள்.

மேக்னட்ரான் போய், மாற்றும் செலவு புதிய மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் மாற்றச் சொல்வதில்லை. பழையதைப் பள்ளத்திலோ சோலை ஓரத்திலோ உருட்டிவிடாதீர்கள், காயலான் கடையில் உடைக்கவும் விடாதீர்கள். சில மேக்னட்ரான்களின் வெள்ளை பீங்கான் பகுதியில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும். அதன் தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. புதியது வாங்கும் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் முழுசாக ஒப்படையுங்கள். கண்ணாடித் தட்டையும் வளையத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு கொடுப்பதில் தவறில்லை. அதே அளவு தட்டு உடைந்து தேடுகிறவர்கள் எங்கள் ஊரில் எப்போதும் இருக்கிறார்கள்.